அரை விரல் தூரம்

அன்புள்ள மகனுக்கு,

போன புதன்கிழமை காலை உன் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, பாக்கியம் அக்கா, அவருடைய மருமகள் தேவி, தேவியின் மூன்று மாதக் குழந்தை, கிளினிக்கிலிருந்து வந்த நர்ஸ் மிஸ்ஸி. குழந்தையையும் சேர்த்து ஆறு பேர். வேன் ஓட்டுநர் உள்ளே வரவில்லை, வண்டியிலேயே இருந்தார். நீ பூட்டிவிட்டுப் போன வீட்டை உன்னைக் கேட்காமல் ஆட்களுக்குத் திறந்துவிட்டேன் என்பதால்தான் இதை முதலில் எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை குத்தகைக்காரர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்று நீ சொன்னாயே, அதற்காகக் கூட்டித் துடைத்து வைக்கலாம் என்று நானும் அப்பாவும் காலையிலேயே போயிருந்தோம். யார் யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று ஒன்று விடாமல் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நீ கேட்டால் படித்துக் காட்டுவேன்.

அன்றைக்கு மழை எங்கேயோ தூரத்தில் ஆரம்பித்து, செம்பனை ஓலைகள் மேல் நடந்து வருவது போல மெதுவாக வந்தது. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே பஸ் நிற்கும் கொட்டகையில் பாக்கியம் அக்காவும் தேவியும் குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகைக்குக் கூரை இருக்கிறது, பக்கச் சுவர் இல்லை. அக்கா தன் சேலைத் தலைப்பை விரித்துக் குழந்தைக்கு மறைப்பாகப் பிடித்திருந்தார். ஒரு வெள்ளை வேன் அவர்களைத் தாண்டிப் போய், நின்று, மெதுவாகப் பின்னால் வந்தது. அதிலிருந்து மிஸ்ஸி இறங்கினாள். நம் பெண்தான், சுங்கை பட்டாணியில் வளர்ந்தவளாம். குடையில்லாமல் ஓடிப்போய்த் தேவியின் கையில் இருந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் மூன்று பேரும் குழந்தையும் நனைவதைப் பார்த்துக்கொண்டு நான் ஜன்னலில் நிற்க முடியுமா? கதவைத் திற என்று அப்பாவிடம் சொன்னது நான்தான்.

குழந்தைக்குப் போட வேண்டிய தடுப்பூசியின் தேதி இரண்டு முறை தவறிவிட்டது. அன்று மூன்றாவது முறையாகப் புறப்பட்டு பஸ்ஸுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். மிஸ்ஸி வேறொரு தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டியில் மருந்து மீதம் இருந்தது. மேலே இருப்பவர்களிடம் போனில் கேட்டுக்கொண்டாள், சரி என்றார்கள். நீ அங்கே விட்டுப்போன படிப்பு மேசையைத் துடைத்து, அதன் மேல் என் துண்டை விரித்தோம். குழந்தை வீறிட்டு அழுதது. கல்யாணமான பின் நீ குடியிருக்காத அந்த வீட்டில், வெறும் சுவர்களில் பட்டு அந்த அழுகை பெரிதாகிப் பெரிதாகிப் பிறகு பாலுக்குள் அடங்கியது. அரை மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள் மிஸ்ஸி. நான் இப்போது உனக்கு எழுதப்போவது எல்லாம் அந்த அரை மணி நேரத்தில் நடந்ததுதான்.

வெளியே மழை ஒரே சீராகப் பெய்தது. தெரு மறைந்துபோய், வீடு தண்ணீரில் மிதப்பது போல ஒரு மயக்கம் எனக்கு. மிஸ்ஸி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து தன் பதிவேட்டைத் திறந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு தேதிக்கும் 'வரவில்லை'ன்னு எழுதியிருக்கேன். எதுக்கு வரலைன்னு எழுத ஒரு கட்டம் இருக்கு. பயமா? காய்ச்சல் வரும்னு பயந்துட்டீங்களா?"

"பயமா? பஸ்தான் மிஸ்ஸி இல்ல," என்றாள் தேவி. "பிள்ளையோட அப்பாவுக்குக் கூலிம்ல பேக்டரி வேலை. விடியறதுக்கு முன்னாடி பேக்டரி பஸ் வந்து ஏத்திக்கிட்டுப் போயிடும். மோட்டார் சைக்கிள் வீட்லதான் நிக்குது. எனக்கு ஓட்டத் தெரியும் லா, ஆனா பிள்ளைய எங்க வைக்கிறது? மொத தடவ பஸ் வரவே இல்ல. ரெண்டாவது தடவ ரெண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்றப்போ நம்பர் முடிஞ்சு போச்சுன்னுட்டாங்க. வெயில்ல திரும்பி வந்தோம். அதுக்கு உங்க புத்தகத்துல கட்டம் இருக்கா?"

மிஸ்ஸி பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். அதற்குள் பாக்கியம் அக்கா சிரித்துவிட்டார். "பயம்னே எழுதிக்கோ தாயி. எங்க வீட்டு ராசி அது. எங்க வீட்டுக்காரரு ஊசியப் பாத்ததும் ஓட்டம் பிடிச்ச ஆளு. சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

என் கையில் இருந்த துடைக்கும் துணியை நான் பிழிந்தேன். அதில் தண்ணீரே இல்லை.

மகனே, அக்காவின் வீட்டுக்காரர் வேலு அண்ணன் கோவிட் காலத்தில் இறந்தது உனக்குத் தெரியும். ஊசிக்குப் பயந்து ஓடிவந்தார் என்ற கதையும் தெரியும். நீயே உன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அப்போது நீ கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை செய்துகொண்டு ஹாஸ்டலில் அடைபட்டிருந்தாய். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு யாரும் போக முடியாத நாட்கள் அவை. தோட்டத்துக்குத் தொண்டர்கள் கோவிட் ஊசிக்குப் பதிய ஒரு கட்டுப் படிவம் கொண்டுவந்து, எழுதத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு எழுதிக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதத் தெரிந்தவள் என்று எல்லோரும் கைகாட்டியது என்னை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். தேவாரப் புத்தகத்தையும் பழைய பத்திரிகைகளையும் எழுத்துக்கூட்டி நானாகப் படித்துக்கொண்டது மிச்சம். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது, சொல்லிவிடுகிறேன். ஒன்பது பேருக்கு எழுதினேன்.

படிவத்தில் எந்த ஊசி மையம் பக்கம் என்று ஒரு கேள்வி. உனக்குப் போன் செய்தேன். நீ வேலை நேரத்தில் இருந்தாய். "பக்கத்துல இருக்கறதைப் போடுங்கம்மா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் உன் பள்ளிக்கூடத்து நிலப்படப் புத்தகத்தை எடுத்தேன். சாமி விளக்குக்குத் திரித்து வைத்திருந்த திரியில் ஒன்றை எடுத்து, நம் தோட்டம் இருக்கும் இடத்தில் ஒரு நுனியை வைத்து அளந்தேன். சுங்கை பட்டாணிக்கு ஒன்றரை விரல் வந்தது. தஞ்சோங் டாவாய்க்கு அரை விரல். மறுபடியும் அளந்தேன், அரை விரல்தான். ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்ப்பது என் பழக்கம் என்று உனக்குத் தெரியுமே. ஒன்பது படிவத்திலும் அழகாக தஞ்சோங் டாவாய் என்று எழுதினேன். நடுவில் ஒரு நீலக் கோடு போவதைப் பார்த்தேன். பார்த்தும் அது எனக்கு ஒன்றுமாகத் தோன்றவில்லை. நீ சிறுவனாக இருந்தபோது படகில் ஏறி எத்தனை முறை அக்கரைக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்திருக்கிறோம். தண்ணீரில் கைவிட்டுக்கொண்டு நீ என் மடியில் தூங்கிவிடுவாய். எழுப்புவதற்குள் கரை வந்துவிடும். என் மனதில் அந்தத் தூரம்தான் இருந்தது.

நாள் வந்தது. வேலு அண்ணனுக்கும் எங்கள் இருவருக்கும் ஒரே நாள், ஒரே நேரம். இரண்டு மோட்டாரில் ஆற்றங்கரைக்குப் போனோம். அந்தக் காலையை நான் எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை. மெர்போக் ஆறு கடலைத் தொடும் அந்த இடத்தில் பனி இறங்கியிருந்தது. தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை. அக்கரை மெல்ல மெல்லத் தெரிந்தது: முதலில் மரங்கள், பிறகு கட்டிக்கிடக்கும் படகுகள், பிறகு வெள்ளைக் கூடாரம். கொக்குகள் கூட்டமாக இறங்கி இறக்கையை மடிக்காமல் நிற்பது போல இருந்தது அந்தக் கூடாரம். ஒரு சத்தமும் இல்லை. இக்கரையில் ஒரே ஒரு மலாய்க்காரர் வலை பின்னிக்கொண்டிருந்தார். படகு எப்போது என்று உன் அப்பா கேட்டார். அவர் தலையைத் தூக்காமலே, ஆளேற்றும் படகு நின்று பல மாதம் ஆகிறது என்றார்.

வேலு அண்ணன் தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டை போட்டிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். அக்கரையைக் கண்மேல் கைவைத்துப் பார்த்துவிட்டு, "பாரு தங்கச்சி, நாற்காலிகூடத் தெரியுது. கைய நீட்டுனா இங்கருந்தே குத்திடுவாங்க போலருக்கு," என்றார். நீட்டவும் செய்தார், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு. உன் அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தரை வழியாகப் போவதென்றால் சுங்கை பட்டாணிக்குப் போய், பீடோங், மெர்போக் என்று ஆற்றை முழுக்கச் சுற்ற வேண்டும். அண்ணனுக்கு ஒரு கண்ணில் புரை. பெரிய சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்ட மாட்டார், அவர் மோட்டாரும் அவ்வளவு தூரம் தாங்காது. அவர் மகனும் உன்னைப் போலவே கூலிமில் மாட்டிக்கொண்டிருந்தான். உன் அப்பாவின் மோட்டாரில் பின்னால் ஒருவருக்குத்தான் இடம். இப்போது நான் எழுதுவதை நிதானமாகப் படி. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது நான். நான் இறங்கியிருக்கலாம். அண்ணனை ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்திருக்கலாம். அண்ணன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நெஞ்சுச் சளிக்காரர். இதெல்லாம் அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். இறங்கவில்லை. "நீங்க போங்க, ரெண்டு பேரும் ஒரே வீடு. நான் அடுத்த வாரம் பையன் வந்ததும் போயிக்கிறேன்," என்றார் அண்ணன். சொன்னவுடன் நான் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனபின் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் கரையில்தான் நின்றிருந்தார், கை சுருட்டியபடியே.

நாங்கள் சுற்றிப்போய், மையம் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் சேர்ந்து, ஊசி போட்டுக்கொண்டோம். நான் எழுதிக்கொடுத்த ஒன்பது பேரில் போட்டவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் போகவில்லை. அண்ணனின் பையன் அடுத்த வாரமும் வரவில்லை, வர விடவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பியபோது லயத்து வீட்டு வரிசையில் ஒரே சிரிப்பு. "ஊசி ஒரு முழம் இருந்துச்சு. பாத்தேன், ஓடி வந்துட்டேன்," என்று அண்ணன் வாசலில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாக்கியம் அக்கா உள்ளே இருந்து திட்டிக்கொண்டிருந்தார். நான் வேலியோரம் நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அப்புறம் தண்ணீர்க் குழாயடியில் தனியாக வந்து, "நீ எழுதுன இடத்துக்குப் போக முடியாமத் திரும்புனேன்னு அவளுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா உன்னோட பேசமாட்டா. பக்கத்து வீட்டுப் பகை எதுக்கு? என்னைத் திட்டட்டும், எனக்குப் பழக்கம்," என்றார். ஒன்றரை மாதம் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது அம்மனுக்குத்தான் தெரியும். நான் அதைச் சொல்ல வரவில்லை. சாவு வீட்டில் நான்கைந்து பேருக்குத்தான் அனுமதி. வந்தவர்கள் எல்லோரும், பயந்து ஓடினாரே, பயந்து ஓடினாரே என்றார்கள். நான் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கோயிலில் நின்று, சொல்லிவிடுகிறேன் தாயே என்று சொல்லி, சொல்லாமலே வீடு திரும்பியிருக்கிறேன்.

போன புதன்கிழமை, உன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, மழைச் சத்தத்தில், எல்லாவற்றையும் பாக்கியம் அக்காவிடம் சொன்னேன். திரி வைத்து அளந்தது, ஆறு, சட்டைக் கை, மோட்டாரில் நான் உட்கார்ந்திருந்தது, குழாயடி. உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மிஸ்ஸி பதிவேட்டை மூடிவிட்டாள். சொல்லி முடித்தபின் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஒரு கனவில் நாம் பேசிக்கொண்டே இருப்போம், எதிரில் இருப்பவர் முகம் மட்டும் தெரியாது, அப்படி இருந்தது.

அக்கா குழந்தையின் துணியை இழுத்து மூடினார். பிறகு என்னிடம் இல்லை, தேவியிடம் சொன்னார்: "கேட்டியா? உன் மாமனார் பயப்படல." இன்னொரு முறை, மெதுவாக, "அவரு பயப்படல," என்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "தினம் அவரு படத்துக்குப் பூ வைக்கிறப்போ திட்டிட்டுத்தான் வைப்பேன். ஒரு ஊசிக்குப் பயந்து என்னை இப்படி விட்டுட்டுப் போனியே மனுஷான்னு. இத்தனை வருஷமா திட்டியிருக்கேன். நீ பக்கத்து வீட்ல இருந்து அதைக் கேட்டுக்கிட்டுதான் இருந்தே."

"ஆமாக்கா," என்றேன். அக்கா அன்றிலிருந்து என்னுடன் பேசவில்லை. நேற்று எங்கள் வேலிக்கு வெளியே நின்று, நான் இருப்பது தெரிந்தே, யாருக்கோ சொல்வது போலக் குழந்தைக்குக் காய்ச்சல் வரவில்லை என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

அரை மணி முடிந்ததும் மிஸ்ஸி எழுந்தாள். மாதத்துக்கு ஒரு காலை நாங்களே இங்கே வந்து போடலாம், கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் ஒரு இடம் வேண்டும் என்றாள். தண்ணீர்க் குழாய், மேசை, வேன் வந்து நிற்கத் தார்ச்சாலை, தாய்மார் பிள்ளையோடு அரை மணி உட்கார நிழல். முன்பு, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகை இருந்தது. நீ பிறந்தபோது அந்தக் காலத்து மிஸ்ஸி அங்கேதான் வருவாள். லயத்திலிருந்து இரண்டு நிமிஷ நடை. உனக்கு ஒரு ஊசிகூடத் தவறியதில்லை. அதை என் கெட்டிக்காரத்தனம் என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கொட்டகை இப்போது இல்லை. நான் உடனே கோயில் மண்டபத்தைச் சொன்னேன். தேவி தலையைக் குனிந்துகொண்டு, "அத்தை, பிள்ளை பெத்து முப்பது நாள் கழியாம நாங்க கோயிலுக்குள்ள வர முடியாதே. மாசத்துல மத்த நாளும் இருக்கு," என்றாள். கடைக்கார பாய் வீட்டு மருமகளும் கைக்குழந்தைக்காரி; அவள் எப்படி அம்மன் கோயிலுக்கு வருவாள்? தினமும் அங்கே விளக்கேற்றுகிறவள் நான், எனக்கு இது தோன்றவில்லை பார். முறையை மாற்ற நான் யார், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் இடத்தை மாற்றலாம். நம் வீடு உள்ளே மரப்பாலம் தாண்டி இருக்கிறது, வேன் வராது. மறுபடியும் திரி வைத்து அளக்கிற ஆளாக நான் இருக்கக் கூடாது என்று, நேற்று நான்கு லயத்திலிருந்தும் உன் வீட்டுக்கு நானே நடந்து பார்த்தேன். இடுப்பில் ஒரு அரிசிப் பையை வைத்துக்கொண்டு, வெயிலில். அதிக தூரம் பதினேழு நிமிஷம். ஆறு இல்லை, பஸ் இல்லை, பெரிய சாலை இல்லை.

"இந்த வீடு யாரோடது?" என்று மிஸ்ஸி கேட்டாள். மகனோடது, கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றேன்.

அது நீ உழைத்து வாங்கிய வீடு. குத்தகைக்காரர் வேலையாட்களைத் தங்க வைக்க முழு வீட்டையும் கேட்கிறார், நீயும் வாக்குக் கொடுத்துவிட்டாய். இவ்விரண்டும் எனக்குத் தெரியும். வீட்டை அவருக்குத் தராதே என்று நான் சொல்லவில்லை. முன்கூடத்தை மட்டும் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை விட்டுக்கொடுக்க அவர் ஒப்புக்கொள்கிறாரா என்று கேள். ஒப்புக்கொள்ளாவிட்டால், என்ன செய்வது என்று நீ முடிவு செய். என் பாவத்தைக் கழுவ உன் வீட்டைக் கேட்கிறேன் என்று உனக்குத் தோன்றினால், அதுவும் கொஞ்சம் உண்மைதான், மறைக்க மாட்டேன். ஆனால் தேவிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் அடுத்த தேதி வருகிறது. லயங்களில் கைக்குழந்தைக்காரிகள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் பயம் இல்லை. நான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் மிஸ்ஸி கைக்குப் போக வேண்டும். சனிக்கிழமை குத்தகைக்காரர் வருகிறார். உன் மனைவியிடமும் கலந்து பேசு. முடியாது என்றால் முடியாது என்று சொல், நான் வருத்தப்பட மாட்டேன், வேறு இடம் தேடுவேன். தேட எனக்கு நாள் வேண்டும். எதுவானாலும் வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் எனக்குப் பதில் சொல்லிவிடு.

அம்மா